கேலரியில் விசில் எழவில்லை

ஜெனோவா
3 டிசம்பர் 1968

அன்பு மகள் நிவெஸுக்கு,

இங்கே கடல் காற்று. கழுத்தில் இரண்டு சால்வை. விடுதிக்காரம்மா என்னைப் பார்த்து, "நீங்க பாடகரா, நோயாளியா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

பதினொரு வருடம் கழித்து நம் பார்மாவில் பாடப்போகிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், முடியப்பர் திருநாளன்று, இந்தப் பருவத்தின் முதல் ஓபரா. வழக்கம்போல அப்பா வேஷம். பாரிடோன் என்னும் நடுக்கட்டைக் குரலோடு பிறந்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? உச்சத்தில் பாடுகிறவன் காதலியைக் கூட்டிக்கொண்டு போவான், நாம் வாசலில் நின்று அழுவோம். ஐம்பத்தெட்டு வயதில் அது பொருந்தியும் விடுகிறது.

உனக்குக் கீழே முதல் வரிசையில் இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். நீ மேலே கேலரியில், கசாப்புக்கடை டெல்மோவின் பக்கத்தில் உட்கார். என் இருபத்தொன்பதாம் வயதில் என்னை விசிலடித்தே மேடையைவிட்டு இறக்கிய ஆள் அவர். மறுவருடம் நான் திரும்பி வந்து ஒழுங்காகப் பாடியதும், ஒரு முழுப் பன்றித்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்தவரும் அவர்தான்.

முடிந்ததும் ரயிலேறி டூரின் போகிறேன். அங்கே கச்சேரிகள். மேலே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுது. அம்மாவைப் போல உனக்கும் பொய் வராது.

அப்பா


பார்மா
9 டிசம்பர்

அன்புள்ள அப்பா,

இங்கேயே வந்து பாடுகிறீர்கள், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர மாட்டீர்களாம். ஒத்திகைக் காலத்தில் யாரோடும் பேசக்கூடாது என்ற உங்கள் விரதம் எனக்குத் தெரியும். மாவுக்குள் கறி வைத்த பண்டிகை அனோலினி சூப்பை நான் ஒருத்தியே குடித்துக்கொள்கிறேன்.

இசைக்கல்லூரி நூலகத்தில் கணப்பு வேலை செய்யவில்லை. கையுறையோடு சுரத்தாள் அடுக்குகிறேன். டெல்மோ மாமாவின் கடைக்குப் போனேன்.

"உங்கப்பன் வர்றானாமே? முன்பல் ரெண்டையும் பத்திரமா வெச்சிருக்கேன்னு சொல்லு. விசிலுக்கு வேணும்."

"இந்த வயசுலயும் விடமாட்டீங்களா மாமா?"

"வயசு அவனுக்குத்தானே ஏறுது? பாட்டுக்கு ஏறலையே."

கறியை மட்டும் நிறையவே வைத்துக் கட்டித் தந்தார்.

நிவெஸ்


பார்மா
27 டிசம்பர்

அன்புள்ள அப்பா,

நன்றாக நடந்தது. கைதட்டலுக்குத் திரை ஏழு முறை ஏறியது. கேலரியிலிருந்து ஒரு விசில்கூட எழவில்லை. உங்கள் மூன்றாம் அங்கப் பாட்டுக்குப் பிறகு டெல்மோ மாமா எல்லோரையும்விட நீண்ட நேரம் கை தட்டினார். வழக்கமாக அவர் பக்கத்து இடத்தில் உட்காரும் இரிதே டீச்சரும் தட்டினார்.

டூரினில் குளிர் அதிகம் என்கிறார்கள். சால்வையை விடாதீர்கள்.

நிவெஸ்


டூரின்
2 ஜனவரி 1969

நிவெஸ் கண்ணு,

ஒரு முழுத் தாளுக்குக் குறைந்து நீ எனக்கு எழுதியதே இல்லை. இந்த முறை ஒரு தாளின் பாதி.

நானும் உனக்கு ஒன்றைச் சொல்லவில்லை. மூன்றாம் அங்கப் பாட்டை அரைக்கட்டை இறக்கித்தான் பாடினேன். உச்சிச் சுரம் இப்போது பத்தில் ஆறு முறைதான் வருகிறது. இசை நடத்துநரிடம் கெஞ்சி, வாத்தியக் குழுவுக்குப் புதிய தாள் எழுதவைத்தேன். வெளியே யாருக்கும் தெரியாது.

ஆனால் அந்தக் கேலரிக்குமா தெரியாது? சட்டி விழுந்தால் அது எந்தச் சுரம் என்று சொல்கிறவர் டெல்மோ. அவர் விசிலடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கைதட்டல்தான் வந்தது.

மிலானிலிருந்து ஐந்து வருட ஒப்பந்தம் வந்து மேசைமேல் கிடக்கிறது. இருபதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால், இன்னும் ஐந்து வருடம் ஓட்டிவிடலாம். கேட்டும் சும்மா இருந்தார்களா? எது என்று எழுது.

அப்பா


பார்மா
6 ஜனவரி

அன்புள்ள அப்பா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

கேட்டது. வாத்தியங்களின் முதல் ஒலியிலேயே எனக்குக் கேட்டது. டெல்மோ மாமாவின் இரண்டு விரலும் வாய்க்குப் போய்விட்டன. இரிதே டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அரைக்கட்டை இறக்கிட்டான் டீச்சர்."

"எனக்கென்ன காது செவிடா? கையக் கீழ போடு."

நான் குனிந்து, "எனக்காக விசிலை அடக்காதீங்க மாமா" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உனக்காக இல்லம்மா. அடுத்த தடவை சரியாப் பாடிருவான்னு நாங்க நம்புறவனுக்குத்தான் விசிலடிப்போம்."

பிறகு கை தட்டினார். வரிசை முழுக்கத் தட்டியது. நானும் தட்டினேன். என் முதல் பொய் அதுதான், கடிதம் இரண்டாவது.

இன்னொன்றும் நடந்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் அங்கத்தில், மகளை உட்காரவைத்து மெல்லப் பாடுவீர்களே, கீழ்ச்சுரத்தில் வரும் அந்தப் பகுதி. அங்கே கேலரியில் ஒருவர்கூட இருமவில்லை. டெல்மோ மாமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த இடத்துல மட்டும் கிழவனை அடிச்சுக்க ஆள் இல்ல" என்றார். அந்த இடத்துக்கு யாரும் கை தட்டவில்லை. மறந்துவிட்டார்கள்.

கோபமென்றால் எழுதிவிடுங்கள். சும்மா இருந்துவிடாதீர்கள்.

நிவெஸ்


டூரின்
19 ஜனவரி

அன்பு நிவெஸ்,

பத்து நாள் கோபமாகத்தான் இருந்தேன். டெல்மோமேல் இரண்டு நாள், உன்மேல் ஒரு நாள், மிச்சமெல்லாம் என்மேல்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். மேடை போதும். தபாலாபீஸ் வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறைதான் போட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன்.

உங்கள் கல்லூரியில் இருநூறு பேர் உட்காரும் கூடம் ஒன்று உண்டே. பியானோவும் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு நாள் கேட்டு வை. வேஷம் இல்லை, திரை இல்லை. நின்று பாட்டு மட்டும் பாடுகிறேன், என் குரல் இன்று நிற்கிற இடத்தில். அந்த மூன்றாம் அங்கப் பாட்டும் உண்டு. நிகழ்ச்சித் தாளில் அதன் பக்கத்தில் "அரைக்கட்டை இறக்கி" என்று அச்சடிக்கச் சொல். மறைத்துப் பாட மாட்டேன்.

டெல்மோவை முதல் வரிசையில் உட்கார வை. இனி மரியாதைக்காகக் கை தட்ட வேண்டாம் என்று சொல். பாட்டு பிசகினால் விசிலடிக்கட்டும், இரண்டு விரலையும் வைத்து. மே மாதம் மறுபடி வந்து சரியாகப் பாடிக் காட்டுகிறேன்.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வருகிறேன். சூப் மிச்சமிருக்காது, தெரியும். புதிதாக வை.

அப்பா