அப்பா கடன் வாங்கிய விரல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நான் நலம், அப்பாவும் நலம், ஆனால் அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. போனில் அனுப்பினால் அவர் எட்டிப் பார்ப்பார், அதனால்தான் காகிதம்.

அப்பாவுக்கு நீ வாங்கி அனுப்பிய சர்க்கரைக் கருவி இருக்கிறதே, ஒரு சொட்டு ரத்தம் பட்டால் போதும், எண் போன் வழியாக நேரே கிளினிக் நர்ஸுக்குப் போய்விடும், எவ்வளவு இன்சுலின் போடவேண்டும் என்று அவள் சொல்வாள். போன வாரம் உன் அப்பா ஒரு விருந்தில் ஐஸ்கிரீமை வெளுத்துக்கட்டிவிட்டார். மறுநாள் காலை நர்ஸிடம் மாட்டாமல் இருக்க, கீழ்வீட்டுத் தையல்காரரின் விரலைக் குத்திவிட்டார்! ஒல்லிக்குச்சி மனிதர், அவருக்கு ஏது சர்க்கரை என்ற கணக்கு. வந்ததோ உன் அப்பாவுக்கே ஒருநாளும் வராத எண். நர்ஸ் உடனே கூப்பிட்டு, "என்ன சார் சாப்பிட்டீங்க? இன்னிக்கு இன்சுலினைக் கூட்டிப் போடுங்க" என்றாள். இவர் ஊசியைக் கையில் வைத்தபடி திருதிருவென்று முழித்தார். போட்டால் மயங்கி விழுவார், போடாவிட்டால் குட்டு உடையும். கடைசியில் என்னிடம், "அது என் ரத்தம் இல்லடி" என்றார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. போனைப் பிடுங்கி நர்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "முதல்ல சார் விரலைக் குத்துங்க, அப்புறம் அந்த ரத்தத்துக்காரரை உடனே கூட்டிட்டு வாங்கம்மா" என்றாள்.

பாவம் தையல்காரர், தாகத்துக்கு வெயிலையும் கண் மங்கலுக்கு விளக்கையும் குறை சொல்லிக்கொண்டிருந்தவர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார் டாக்டர். அவருக்கும் இன்சுலின். நாளெல்லாம் ஊசியோடு பிழைக்கிற மனிதர் அந்த ஊசியைக் கண்டதும் அழுதுவிட்டார், உன் அப்பாதான் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அன்று அவரைத் திட்டவில்லை, மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். இப்போது நர்ஸ் புதுச் சட்டம் போட்டிருக்கிறாள், விரல் குத்துவதை வீடியோவில் காட்டவேண்டுமாம். இருவரும் தலை சீவி, பவுடர் பூசி, ஸ்டூடியோவில் படம் எடுக்க வந்தவர்கள் மாதிரி போன் முன்னால் உட்காருகிறார்கள். சீப்பு என்னுடையது.

நோய்நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும். நீயும் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடு, உன் அப்பாவிடமிருந்து மூக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று யார் கண்டது? மறக்காதே, உன் விரலையே குத்து, மாப்பிள்ளை விரலை அல்ல.

முத்தங்களுடன்,
உன் அம்மா