இருமல் இல்லாத குப்பம்

ஜூன் 9, திங்கள்

ராயபுரத்தில் நர்ஸ்களுக்கு ஏ.ஐ. பயிற்சி. அதை வைத்து ஆய்வு செய்யப் பழக்குகிறார்களாம். நம்பிக்கையில்லாமல்தான் போனேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பயிற்சியெல்லாம் கை கழுவுவது எப்படி என்பதுதான்.

ஆனால் இன்று! நுரையீரல் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைக் கொடுத்து, தமிழில் விளக்கச் சொன்னேன். விளக்கியது. ஓரிடம் தப்பு. சுட்டிக்காட்டினேன், திருத்திக்கொண்டது. எந்த டாக்டர் என் பேச்சைக் கேட்டுத் திருத்தியிருக்கிறார்?

பக்கத்தில் ஜஹானாரா. எங்கள் ஹெல்த் சென்டரில் எனக்கு ஒரே தோஸ்து. “எழிலு, அதுக்கும் ஒரு டீ சொல்லுடி. பாவம், ஒத்தையா வேலை செய்துகினு கீது.”

ஜூன் 11

என் ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டது. எண்ணூர் கழிமுகத்துக் குப்பத்தில் மூச்சுக் கோளாறு. துணி காயப்போட்டால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிற ஊர். அதை நிரூபிக்க ஆய்வு வேண்டுமாம். சரி, செய்கிறேன்!

எங்கள் சென்டர் டாக்டர் மேடம் சொன்னார்: “நம்பர் காட்டுங்க. வாரம் ஒரு நாள் அங்கேயே மூச்சு கிளினிக் கேட்டு எழுதறேன்.” மாதக் கடைசிக்குள் தர வேண்டும்.

ஜூன் 17

வீடு வீடாகப் போனோம். யூனிஃபார்ம், தோளில் வழக்கமான பை, வெளியே தெரியும்படி சளி எடுக்கும் கப்புகள். இருமல் என்று யாராவது சொன்னால் கையோடு கப்பை நீட்டிவிடுவோம். டி.பி. டெஸ்டுக்கு மாதாமாதம் டார்கெட் இருக்கிறதே.

நண்டு விற்கும் அம்மு அக்கா சிரித்தார். “இருமலா, எனக்கா? போ சிஸ்டர், கல்லு மாரி கீறேன்.”

தெரு முனை திரும்பியதும் அவர் இருமுவது கேட்டது. ரொம்ப நேரம்.

ஜூன் 18

எல்லா வீட்டிலும் ‘இருமல் இல்லை’தான். பெயர்களை எடுத்துவிட்டுப் பதில்களை மட்டும் ஏ.ஐ.க்குக் கொடுத்தேன். எழுதித் தந்தது: “இப்பகுதி மக்களின் சுவாச நலம் திருப்திகரமாக உள்ளது.”

திருப்தியா? யாருக்குடா திருப்தி? இந்த வரியைக் கொடுத்தால் கிளினிக் வராது. புகை விடுகிறவன் இதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வான்.

ஜஹானாரா: “அது மேல ஏன் பாயற? நீ குடுத்தத தானே அது திருப்பிக் குடுத்துது.”

உண்மை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஜூன் 20

ஏ.ஐ.யிடமே கேட்டேன், மனிதர்கள் இருமலை ஏன் மறைப்பார்கள் என்று. காரணங்களை அடுக்கிவிட்டு அது என்னைக் கேட்டது: “நீங்கள் என்ன உடையில் போனீர்கள்? கையில் என்ன இருந்தது?”

அய்யோ. கப்!

நேராக அம்மு அக்காவிடம் ஓடினேன். பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். “கப்ப நீட்டிகினு இருமல் கீதான்னு கேட்டா எவ சொல்லுவா? டி.பி. வூடுன்னு பேரு வந்தா என் நண்ட எவன் வாங்குவான்? என் பொண்ண எவன் கட்டுவான்? படிச்சவதானே நீ?”

படித்தவள்தான். இதை யாரும் பாடத்தில் வைக்கவில்லையே.

ஜூன் 24

மறுபடி போனோம். சுடிதார், பை இல்லை, கப் இல்லை, கையில் ஒரு நோட்டு மட்டும். கேள்விகளையும் மாற்றினோம். “இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா?” என்று ஏ.ஐ. எழுதியிருந்தது. அந்தக் குப்பத்தில் மாடி எங்கே இருக்கிறது? நான் மாற்றினேன்: “பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள கூடையை எங்கெங்க இறக்கி வைக்கிறீங்க?”

கொட்டிவிட்டார்கள்! கோயில் முனையில், குழாயடியில், டீக்கடை வாசலில். “மின்ன ஒரே மூச்சுல போவேன் சிஸ்டர்” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் “ஆமாமா” என்று சூழ்ந்துகொண்டார்கள். கை வலிக்க வலிக்க எழுதினேன். இப்படி ஒரு சந்தோஷம் இந்த வேலையில் வந்ததேயில்லை.

ஜூன் 28

அறிக்கை தயார். முதல் கணக்கெடுப்பையும் சேர்த்தேன். “அது எதுக்கு? நம்ம மானம் போவும்” என்றாள் ஜஹானாரா. போகட்டும். அந்தப் பகுதியை ஏ.ஐ. “சில வரம்புகள் இருந்தன” என்று வழவழப்பாக்கியது. அழித்துவிட்டு நானே எழுதினேன்: “நாங்கள் கப்போடு போனோம். அதனால் மக்கள் மறைத்தார்கள்.”

அனுப்பியாகிவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் கிளினிக், முதல் நாள். வாசல் வரை கூடைகள். கப்புகளைப் பையின் அடியில், துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

கூட்டம் குறைந்ததும் அம்மு அக்கா வந்தார். கதவைச் சாத்தினார்.

“சிஸ்டர், அந்த கப்பு ஒண்ணு குடேன்.”