கேக்கில் மாறிய எண்

மாண்ட்ரியல், வெள்ளி

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த வலியோடு பனி அள்ளப் போகாதீர்கள். நான் நலம்.

வாசித்துப் புரிந்துகொள்ள நான் பழக்கும் கணினி, தேர்வில் தொண்ணூற்றேழு வாங்கியது என்று போனில் கத்தினேனே, அது செல்லாது. பயிற்சிக்குக் கொடுத்த பக்கங்களுக்குள் தேர்வுக் கேள்விகளும் கலந்திருந்ததை நேற்றுதான் பார்த்தேன். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அனுப்ப ஒரே நாள்தான் பாக்கி. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

இன்று காலை பேராசிரியர் சில்வியிடம் சொல்லிவிட்டேன். அவர் மேசையில், க்ரீமில் 97 என்று எழுதிய கேக்.

"ஏம்மா, கேக் வாங்கறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா? சரி, அந்தப் பக்கத்தையெல்லாம் தூக்கிட்டு மறுபடி பழக்கு. நிஜமா எவ்வளவு வருதுன்னு பாப்போம்."

மாலையில் எழுபத்து நான்கு வந்தது. சில்வி ஒன்பதை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, ஏழுக்குப் பக்கத்தில் நான்கைப் போட்டார்.

"இந்தத் தேர்வுல இதுவரைக்கும் யாரும் எழுபத்தொண்ணைத் தாண்டல. இந்த மூணு நம்ம சொந்த மூணு. வெட்டு!"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது, அப்பா.

மீதிக் கேக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒற்றை ஆளாக எத்தனை நாள் தின்பது? என் பழைய கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். ஞாயிறன்று கூப்பிடுங்கள், பேச ஒன்றுமில்லாவிட்டாலும்.

பேருந்துக்கு ஓட வேண்டும். பனித்தரையில் கல் தள்ளி நீங்கள் கர்லிங் ஆடும் இடத்தில் எல்லோரிடமும் தொண்ணூற்றேழு என்று சொல்லியிருப்பீர்கள். எழுபத்து நான்கு என்று திருத்திவிடுங்கள். அதையும் அதே சத்தத்தில் சொல்லுங்கள்.

உங்கள்
லாரிசா