தனக்குத் தானே பதில் எழுதிக்கொண்ட மெயில் சர்வர்

அனுப்புநர்:
தற்காலிகக் கணினி உதவியாளர்,
மாணவர் விடுதி அலுவலகம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
நிர்வாகக் கட்டடம்.

பொருள்: மெயில் சர்வர் நின்றதற்கு நானே காரணம் என எழுதிக் கையெழுத்திடுமாறு கட்டாயப்படுத்தப்படுவது – தலையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. விடுதி அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பழைய யுனிக்ஸ் கணினி ஒன்றில் நிறுவிப் பராமரித்து வருகிறேன். அது ஃபைல் அலமாரிக்குப் பின்னால், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன். அதுபற்றிப் புகார் இல்லை.

2. எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் கண்காணிப்பாளரின் பார்வைக்குப் போன பிறகே நகரும். மின்னஞ்சலுக்கும் அதே முறை வேண்டும் என்றார். "நான் பாக்காம இங்க ஒரு துரும்பு அசையக் கூடாதும்மா." எனவே, வருவது போவது எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு நகல் செல்லுமாறு அமைத்தேன்.

3. சென்ற வாரம் அவர் விடுப்பில் செல்லவிருந்தார். தமக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு "விடுப்பில் உள்ளேன்" என்ற பதில் தானாகப் போக வேண்டும் என்றார். அதற்கான மென்பொருள் ஒருவருக்கு ஒருமுறைதான் பதில் அனுப்பும். "ஒரு தடவ சொன்னா யாருக்கு உறைக்குது? ஒவ்வொரு மெயிலுக்கும் போகணும்" என்று அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னார்.

4. எடுத்தால், அந்தப் பதிலின் நகலும் அவருக்கே வரும், அதற்கும் பதில் போகும், முடிவே இராது என்று சொன்னேன். நான் மெதுவாகப் பேசுபவள். தம் காதில் எதுவும் விழவில்லை என்று இப்போது கூறுகிறார். விழுந்ததால்தான், "என் லீவ எனக்கே சொல்லுமா? நல்லா கத விடுற" என்று சிரித்தார். எழுத்தர் அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "சொன்னதச் செய், இல்லன்னா வேற ஆளப் பாக்குறேன்" என்றதும் செய்தேன்.

5. மறுநாள் காலை ஒரு மாணவி அறை கேட்டு எழுதினார். கண்காணிப்பாளர் விடுப்பில் இருப்பது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. பிறகு கண்காணிப்பாளருக்கே தெரிவிக்கப்பட்டது. பிறகு, அவருக்குத் தெரிவித்தது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. மதியத்துக்குள் கணினியின் சேமிப்பு வட்டு நிரம்பி சர்வர் நின்றது. அன்று அனுப்பப்பட்ட விடுதி அறை விண்ணப்பங்கள், நான் சரிசெய்த பின், கடைசித் தேதி தாண்டி வந்து சேர்ந்தன.

6. "என் கவனக்குறைவால்" என்று தொடங்கும் விளக்கம் ஒன்றைக் கண்காணிப்பாளரே தயாரித்திருக்கிறார். இன்று மாலைக்குள் கையெழுத்திடாவிட்டால் திங்கள் முதல் வேலை இல்லை. பள்ளிக்கூடம் பார்க்காத என் அப்பா, "போட்டுக் குடுத்துட்டு வாம்மா, ஒரு கையெழுத்துதானே" என்கிறார். நகல் முறை இன்னும் நடப்பில் இருப்பதால், இம்மனுவை மின்னஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்தேன்.

எனவே, தாங்கள் நேரில் விசாரித்து, அந்த விளக்கத்தில் நான் கையெழுத்திடாமலேயே பணியில் தொடர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாமதமாக வந்த விண்ணப்பங்களையும் ஏற்க வேண்டும். மாணவர்கள்மீது எந்தத் தவறும் இல்லை.

எங்கள் வீட்டில் இதுவரை எல்லாரும் கைநாட்டுதான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் படிக்க முடிந்ததில்லை. நான் படித்துவிட்டேன்.

படித்துப் பார்த்து, விரும்பிக் கையெழுத்திடும்,

(கையொப்பம்)
தற்காலிகக் கணினி உதவியாளர்

இடம்: விடுதி அலுவலகம்
நாள்: வெள்ளிக்கிழமை