மூன்று கார்டு, ஒரு டேபிள் ஃபேன்

2007 ஏப்ரல் 14, சனி

கூரியர் வந்துவிட்டது. சென்னையிலிருந்து ஜெயராஜ், கம்ப்யூட்டர் பத்திரிகையின் துணை ஆசிரியர், மூன்று கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டரில் கேம் படத்தை ஓட்டுகிற கார்டு, அனுப்பியிருக்கிறார். மூன்றும் மலிவு ரகம். போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேலை விட்டு வந்து அரை மணி நேரம் கேம் ஆடறவங்களுக்கு எது உருப்படி? ரெண்டு பக்கம் எழுதுங்க, துளசிராமன்."

இதுவரை கீபோர்டு, ஸ்பீக்கர் என்று துணுக்குதான் எழுதியிருக்கிறேன். என் பேர் போட்டு முழுக் கட்டுரை இதுதான் முதல். வருஷப் பிறப்பும் அதுவுமாகப் பாயசம் கூட இறங்கவில்லை. "டப்பாவப் பாத்துக்கினே சாப்புட்டா எப்டி எறங்கும்?" என்கிறாள் பூமிகா. கட்டிய மனைவி, சொல்ல உரிமை உண்டு.

ஏப்ரல் 15, ஞாயிறு

கம்பெனி பேரை டைரியில் கூட எழுதப் போவதில்லை. பேரைப் பார்த்தாலே மனசு ஒரு பக்கம் சாயும். சிவப்பு டப்பா, நீல டப்பா, பச்சை டப்பா. அவ்வளவுதான்.

ரோலிங் மில் வேலையில் நான் இரும்புக் கம்பி சோதிக்கிற அதே ஒழுங்கு: ஒரே கம்ப்யூட்டர், ஒரே கார் பந்தயம், ஒரே ரோடு. ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று தடவை. கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கும்மிடிப்பூண்டி வெயிலில் யார்தான் மூடி வைக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த எல்லார் வீட்டிலும் இப்படித்தான்.

ஏப்ரல் 22, ஞாயிறு

நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று கணக்கு: சிவப்பு 22. நீலம் 26. பச்சை 41!

எது எதென்று சொல்லாமல் பூமிகாவையும் ஆடவிட்டேன். பச்சை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுல வண்டி வழுக்கினு போது. இத்தயே வச்சிடுங்க." அப்புறம் எழுப்ப முடியவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது.

கட்டுரையில் சிவப்பை 'மாட்டு வண்டி' என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அநியாயமாகச் சொல்கிறேனோ? சந்தேகத்துக்கு நாலாவது தடவையும் ஓட்டினேன். 22தான். சரி, மாட்டு வண்டிதான்.

மே 10, வியாழன்

வந்துவிட்டது! மூன்று டப்பாவின் படமும் பேரும் போட்டு 'பச்சையே ராஜா' என்று தலைப்பு, அது ஜெயராஜ் வைத்தது. என் பேரில் எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

மே 14, திங்கள்

கிரேன் ஓட்டும் அரசப்பன் பச்சை வாங்கிவிட்டாராம். கேன்டீனில் எல்லார் எதிரிலும், "சார் எய்திக்கிறாரு, அப்புறம் இன்னா யோசன?" என்றார். பெருமையாக இருந்தது. கூடவே ஒரு பயம். நான் பாஸ் போட்ட கம்பி யார் வீட்டுக் கூரையில் போகிறதென்று எனக்குத் தெரியாது. இந்த கார்டு யார் வீட்டுக்குப் போகிறதென்று தெரிந்துவிட்டதே.

மே 21, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து மில் கேட் அருகே அரசப்பன் காத்திருந்தார். "சார், ஆட ஆரம்பிச்சி கால் மணி நேரங்கூட ஆவல. ஸ்கிரீன்ல கோடு கோடா வந்து அப்டியே நின்னுடுது. ஊட்ல ஒரே பேஜாரு."

"சூடாகுதுங்க, வேற ஒண்ணும் இல்ல. சைடு கதவக் கழட்டிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

"சரி சார்" என்றார். போகவில்லை. கொஞ்சம் கழித்து, "பாப்பா தவழுது சார். தொறந்து வச்சா கைய உள்ள உட்டுடும். அப்புறம் ஊட்ல ஒரே ஃபேன்தான் கீது. அது பாப்பாவுக்கு."

குறையாகக் கூடச் சொல்லவில்லை. என்னமோ அவர் பேரில் தப்பு மாதிரி சொன்னார். வீடு வந்து சேரும் வரை முகம் எரிந்தது.

மே 22, செவ்வாய்

லீவு போட்டேன். கதவைத் திருகி மூடினேன், ஃபேனை நிறுத்தினேன். மதியம் பன்னிரண்டு மணி.

பச்சை: 14 நிமிடம், கோடு. மறுபடி: 12. மறுபடி: 14.
நீலம்: 31 நிமிடம்.
சிவப்பு: ஒன்றே கால் மணி நேரம். நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன்.

கம்பியை வளைத்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று ஒருவன் தாங்கிப் பிடித்தால் விடுவேனா? இங்கே நானே அல்லவா தாங்கிப் பிடித்திருக்கிறேன். கட்டுரையில் கதவைப் பற்றி ஒரு வரி இல்லை, ஃபேனைப் பற்றி ஒரு வரி இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லையே எனக்கு!

மே 23, புதன்

இன்னும் எத்தனை வீடு?

மே 25, வெள்ளி

ஜெயராஜிடம் பேசிவிட்டேன். இரண்டு முறை நம்பரைத் தப்பாக அழுத்தினேன். "ஒருத்தர் வீட்ல நின்னதுக்கெல்லாம் திருத்தம் போடுவாங்களா? போட்டா உங்க பேர்தான் சார் கெட்டுப் போகும்." நான் மூன்று கார்டையும் மூடி வைத்துச் சோதித்ததைச் சொன்னேன். "எழுதி அனுப்புங்க, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

'தவறு என்னுடையது' என்று ஆரம்பித்தேன். பூமிகா படித்துப் பார்த்தாள். "இவ்ளோ பச்சையாவா சொல்லணும்?" என்றாள். பிறகு அவளே, "இருக்கட்டும், அப்டியே அனுப்புங்க" என்றாள்.

மே 27, ஞாயிறு

சோதனைக் கார்டுகள் பத்திரிகைக்குத் திரும்ப வேண்டியவை. பொன்னேரிக் கடையில் ஒரு சிவப்பு வாங்கி, அரசப்பன் வீட்டில் மாட்டிவிட்டு, பச்சையை நான் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மெதுவாகத்தான் ஓடியது, நிற்காமல் ஓடியது. சட்டை நனைந்துவிட்டது. கிளம்பும்போது "தேங்க்ஸ் சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்த வீட்டுக்கு இனி என் சிபாரிசு எதுவும் செல்லாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 11, திங்கள்

திருத்தம் வந்திருக்கிறது. கடைசிப் பக்கம், கீழ் மூலை, ஆறு வரி. 'தவறு என்னுடையது' என்பதை வெட்டவில்லை.

ஜெயராஜ் அடுத்த மாதத்துக்கு எதுவும் கேட்கவில்லை. நானும் போன் செய்யவில்லை. மில்லில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. படித்தார்களா, படிக்கவில்லையா? எது மேல் என்றே தெரியவில்லை.

ஜூன் 21, வியாழன்

பத்து நாளாகக் கிரேன் மேலிருந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த அரசப்பன் இன்று இறங்கி என் மேஜைக்கு வந்தார். அவர் மச்சான் பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாராம்.

"இன்னா கார்டு போடலாம் சார்?"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சிவப்பு என்று சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். முடியவில்லை.

"தெரியலைங்க. அவர் வீட்டப் பாத்தாதான் சொல்ல முடியும்."

சிரிப்பார், இல்லை கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றி இடுக்கிக்கொண்டார்.

"அப்போ ஞாயித்துக்கெழம வா சார், போலாம். மத்தியானமே போலாம். அப்போதான் அந்த ஊட்ல அனலு தெரியும்."