தடை போட்ட அருவியில் குளித்தவருக்கு

அண்ணாச்சி, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற கடைகளைத் தாண்டி வந்தேன். அந்தத் தைல வாடை என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டு உங்கள் இரங்கல் கூட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. அங்கே லாட்ஜ்காரர் ஒருவர் மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். "அருவியில தலையைக் குடுத்துட்டு நிக்கும்போதுதான் அண்ணாச்சிக்கு அந்த யோசனையே தோணுச்சாம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் யோசனை.

தென்காசியில் உங்கள் ஆபீஸ்; அங்கே புரோகிராம் எழுதுகிறவள் நான். குற்றாலத்து லாட்ஜ் அறைகளைத் தேடித் தரும் தளம் நம்முடையது. ஒரு லாட்ஜ் அறை நிலவரத்தை மாற்றினால், தேடல் அட்டவணையில் புதிதாக ஒரு சின்னத் துண்டு விழும். துண்டுகள் பெருகினால் ஒவ்வொரு தேடலுக்கும் அத்தனையையும் புரட்ட வேண்டும். அதனால் அவ்வப்போது ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். "ஏட்டி, எல்லாத்தையும் ஒரேயடியா சேத்துரு" என்பதுதான் உங்கள் வழி. வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

அந்த சீசனில் திடீரென்று வெள்ளம் வந்தது. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்ய, துண்டுகள் குவிந்து, ஒவ்வொரு முறையும் பெரிய துண்டையும் சேர்த்து இழுத்த உங்கள் 'ஒரேயடி' தளத்தையே படுக்க வைத்தது. "எதையாவது பண்ணித் தொலை ஏட்டி!" என்று கத்தினீர்கள். சின்னதைச் சின்னதோடு மட்டும் சேர்த்தேன். அவை வளர்ந்த பிறகு, அதே அளவுள்ளவற்றோடு. பெரிய துண்டைத் தொடவே இல்லை. சாயங்காலத்துக்குள் தளம் எழுந்துவிட்டது.

மறுநாள் லாட்ஜ்காரர்கள் முன்னால் கூசாமல் சொன்னீர்கள்: "நேத்து அருவியில நிக்கும்போது தோணுச்சு." பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான் டைப் அடிச்சுது" என்றீர்கள். டைப்பாம், டைப்!

இன்று மைக்கை என்னிடம் நீட்டினார்கள். உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

"அண்ணாச்சி குளிச்சேன்னு சொன்ன அன்னைக்கு எல்லா அருவியிலயும் தடை. உங்க ரூமெல்லாம் காலியானதே அதனாலதான?"

 மைக்கில் உருகிய லாட்ஜ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமால்லா... அப்பம் யோசிச்சது யாரு?"

"நாந்தான்."

நம் அட்டவணையில் ஒன்றை அழித்தால் அது உடனே போய்விடாது, அண்ணாச்சி. அழித்ததாக ஓர் அடையாளம் மட்டும் விழும். அடுத்து துண்டுகளைச் சேர்க்கும்வரை உள்ளேயே கிடந்து இடத்தை அடைக்கும். 'டைப்' என்று சொன்ன அன்றைக்கே உங்களை என் மனசிலிருந்து அழித்துவிட்டேன். எழவு, இன்னும் உள்ளேதான் கிடக்கிறீர்கள்.