குதிக்காமல் நின்றால் கேட்கும் பாட்டு

என் ஒரே அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு தடவை அடித்துவிட்டேன். பாசம் இல்லாமல் இல்லை. இன்றைக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. நீ போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. மஞ்சள்காமாலையில் சாகிற வயசா உனக்கு? அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

அவனியாபுரத்தில் உன் டிவி ரிப்பேர் கடையை நேற்று மதினியும் நானும் காலி செய்தோம். மேல் தட்டில், ஒரு செருப்புப் பெட்டிக்குள், நம் வீட்டு டிவி கேம். கேமின் மூடியில் நான் ஒட்டிய பூ ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கிறது.

"ஒங்கண்ணன் இதை அப்பப்பத் தொறப்பாக, ஈயம் வப்பாக, மூடிருவாக. என்னன்னு கேட்டா வள்ளுன்னு விழுவாக" என்றார் மதினி. அவருக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியும்.

நான் எட்டாவது படித்தபோது மாமா வாங்கி வந்தது. உனக்கு அதில் ஆட்டம், எனக்கு ஆட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற பாட்டு. இரண்டு குரல் மெட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒன்று அடியில் கனமாக முனகும். இன்னொன்று உஸ் உஸ்ஸென்று தாளம் போடும். கேமுக்குள் இருக்கிற சிப்புக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் குரல். அதனால் திரையில் ஆள் குதித்தால், குதிக்கிற சத்தத்துக்கு இடம் கொடுத்துப் பாட்டில் ஒரு குரல் வாயை மூடிக்கொள்ளும். முழுப் பாட்டும் வேண்டுமென்றால் பட்டனைத் தொடாமல் நிற்கணும். நான் நின்றேன். நீ விட்டாயா?

"ஏன்டி செலையாட்டம் நிக்கிற? குதிடி! இல்லாட்டி இங்கிட்டுக் கொடு!"

பிடுங்கிக்கொண்டு குதிப்பாய். ஒருநாளாவது அதை நான் முழுசாகக் கேட்டிருப்பேனா?

அடாப்டர் அறுந்துபோன அன்றைக்கு, அப்பாவின் டேப் ரெக்கார்டர் அடாப்டரைச் சொருகினாய். முனை கச்சிதமாகப் பொருந்தியது. பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்ததை நீ பார்க்கவில்லை. யாரும் செய்கிற தப்புதான், அதற்கா உன்னைத் திட்டப்போகிறேன்? புகையைப் பார்த்து அப்பா வந்ததும் என்னைக் கை காட்டினாய்.

"இவதான்ப்பா சொருகுனா."

நான் அழுதேன். அப்பா நம்பவில்லை.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன் என்று கேட்டேன். "தொட்டதைப் பொகைய விட்டவளுக்கு எலெக்ட்ரானிக்ஸா?" என்று பி.காமில் சேர்த்தார் அப்பா. நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய், பாலிடெக்னிக் முடித்த பெருமையோடு. வாயைத் திறந்தாயா?

பி.காம் முடித்து, ஒத்தக்கடையில் காது கேட்கும் கருவி விற்கிற ஒரு கடைக்குப் பில் போடப் போனேன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இப்போது அங்கே ரிப்பேர் மேசை என்னுடையது. "அதெல்லாம் ஒரு வேலையாடி?" என்பாய்.

அந்த வேலைதான் நேற்றுக் கைகொடுத்தது. புகைந்த பாகத்தை மாற்றிப் படத்தை நீ வரவழைத்திருக்கிறாய். சத்தம்தான் வரவில்லை. எத்தனை தடவை ஈயம் வைத்தாயோ, சத்தம் வெளியேறுகிற இடத்தில் போர்டே கறுத்துக் கிடக்கிறது. ஒரு சின்னக் கெப்பாசிட்டர் செத்திருந்தது, அவ்வளவுதான். என்னிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிஷம். கொடுத்தால் உண்மையைச் சொல்லவேண்டி வருமே! நான் மாற்றிவிட்டேன்.

நேற்றுக்கூட, துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா சொன்னார்: "அவன் கை பட்டா செத்த டிவியும் பேசும். இவ கை பட்டா பொகையும்." நான் அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஐந்து நாளில் உன் முப்பதாம் நாள் காரியம். சொந்தபந்தம் எல்லாம் வரும். உன் போட்டோவுக்குப் பக்கத்தில் டிவியை வைத்து இந்த கேமைப் போடப்போகிறேன். புகைய விட்டது யார், பேச வைத்தது யார் என்று அப்பாவிடம் சொல்லப்போகிறேன். "செத்தவன் மேல பழி போடுறியாடி?" என்பார். கேட்கட்டும். நீயே சொல்வதற்குப் பன்னிரண்டு வருஷம் இருந்தது.

சொல்லி முடித்ததும், பட்டனைத் தொடாமல் உட்கார்ந்து பாட்டை முழுசாகக் கேட்பேன். இது சத்தியம். நேற்றே கேட்டிருக்கலாம். சரிசெய்ததும் அரை நிமிஷம் ஓடியது. தாங்கவில்லை, நிறுத்திவிட்டேன். பிடுங்குவதற்கு நீ இல்லை, அண்ணே.

இன்னும் மன்னிக்காத,
உன் தங்கச்சி